எங்கள் ஊர் அணையின் கரையடியில் தண்ணீர் ஊறுகிறது, பயப்பட வேண்டுமா?

மலையடிவாரம்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருநெல்வேலிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு சின்ன மண் அணை. பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே "அணை உடையப் போகுது" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்பா பள்ளிக்கூடம் போன வயதில் கட்டியது என்பார், அப்படியென்றால் ஐம்பது வருடத்துக்குக் குறையாது. கரை மேல் நடந்தால் முக்கால் கிலோமீட்டர் இருக்கும், உயரம் நாற்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு என்று அணையைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் அண்ணன் சொல்கிறார். கரைக்குக் கீழே அணைத் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு வயல், அதற்கும் கீழே எங்கள் தெருவும் காலனியும். அந்த ஆயக்கட்டில் எங்களுக்கும் இரண்டு ஏக்கர் உண்டு.

விஷயம் இதுதான். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடைக்கு வலது பக்கம் இருபது தப்படி தள்ளி, வெளிச்சரிவு தரையைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் ஊறுகிறது. அணை நிரம்பிய வருடங்களில் அங்கே ஈரம் இருக்கும், கோரை வளர்ந்திருக்கும், சின்ன வயதிலிருந்து நாங்கள் பார்த்ததுதான். ஆனால் இந்த வருடம் ஆவணியில், அணை பாதிக்கு மேல் கொஞ்சம் ஏறியபோதே ஊற ஆரம்பித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கோரையை விலக்கிப் பார்த்தேன். ஒரு கையகலத்தில் குழி, நடுவில் தண்ணீர் சோறு கொதிக்கிற மாதிரி கொப்பளிக்கிறது, சுற்றிலும் பொடி மணல் வட்டமாகக் குவிந்திருக்கிறது, எறும்புப் புற்று வாசல் மாதிரி. இதை நான் முன்னால் பார்த்ததில்லை.

இன்னும் சில. வெளிச்சரிவு முழுக்க உடைமரம், அதற்கு நடுவில் ஒரு பெரிய வேம்பு. உள்சரிவில் பாவியிருந்த கல் இரண்டு மூன்று இடத்தில் சரிந்து மண் தெரிகிறது. மடை ஷட்டர் பாதிக்கு மேல் திரும்பாது, இரண்டு பேர் தொங்கினாலும் அசையாது. அணை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகாலில் மண் மேடிட்டு உடங்காடாகக் கிடக்கிறது, போதாததற்கு அதன் மேலே மணல் மூட்டை அடுக்கியிருக்கிறோம், ஒரு அடி தண்ணீர் கூடுதலாகத் தேங்கட்டும் என்று. அந்த மூட்டை சுமந்ததில் நானும் ஒருவன், மறைக்கவில்லை.

மனு கொடுத்தேன். கொடுத்த இடத்தில் "எல்லா மண் கரையும் கசியத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊரில் பெரியவர்களுக்கோ நான் மனு கொடுத்ததே கோபம். "கரை சரியில்லைன்னு எழுத்தில் போயிட்டா அணையை நிரப்ப விடமாட்டாங்க, பிசான நெல் சாகுபடி போச்சு, உன்னாலதான் போச்சு" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கடன் வாங்கித்தான் எல்லோரும் நாற்றுப் பாவுகிறார்கள். ஆனால் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தக் கசிவு சாதாரணமா? ஐப்பசி மழைக்கு முன்னால் நாங்களே என்ன பார்க்கலாம், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும்?

ஓய்வு ஓவர்சியர்:

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் பாசன வேலையில் கரையிலேயே நடந்தவன் நான், இப்போது பாளையங்கோட்டையில் ஓய்வில் இருக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், அந்த மணல் வட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

மண் கரை கசியும் என்று உங்களிடம் சொன்னது பொய்யில்லை. மண்ணுக்குள் தண்ணீர் நுழைந்து, சாய்வாக இறங்கி, கரையடியில் வெளியே வரும். அது வரும் என்று தெரிந்துதான் அடியில் கல்லும் ஜல்லியும் மணலும் அடுக்கடுக்காகப் போட்டு வடிகால் வைத்துக் கட்டுவார்கள். அந்த வழியாகத் தெளிந்த தண்ணீர் வந்தால் கரை நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் தண்ணீரோடு மண்ணும் வந்தால் கதை வேறு. உங்கள் குழியைச் சுற்றி வட்டமாகக் கிடக்கிற பொடி மணல் எங்கிருந்து வந்தது? கரைக்கு உள்ளிருந்தோ அதன் அடித்தரையிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். உள்ளே அந்த அளவுக்கு இடம் காலியாகியிருக்கிறது. அந்தக் காலி இடம் வெளியிலிருந்து அணைப் பக்கமாகக் குழாய் மாதிரி நீண்டுகொண்டே போகும், உள்தண்ணீரைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு சில மணி நேரந்தான்.

அதனால் பயப்பட வேண்டுமா என்றால், இன்றைக்கு ராத்திரியே ஓட வேண்டியதில்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் கவனிக்க வேண்டும். ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்: அந்தக் குழியைக் களிமண் போட்டு அடைக்காதீர்கள். நம் ஆட்கள் முதலில் செய்வது அதைத்தான். அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது, அதுதான் வைத்தியம். குழி மேலே முதலில் பெருமணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி, மேலே கல் என்று பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும், மண் நின்றுவிடும். சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி இடுப்பளவு தண்ணீர் நிற்க விட்டால் வருகிற வேகமும் குறையும். இதை லஸ்கரையும் உதவிப் பொறியாளரையும் வைத்துக்கொண்டு செய்யுங்கள், தனியாகப் போய் வெட்டிக் கொத்த வேண்டாம்.

அடுத்தது அளவு. மனுவில் "கசிகிறது" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கசிகிற தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்து, தகரத்தையோ குழாயையோ வைத்து ஒரே இடத்தில் விழ வையுங்கள். வீட்டு வாளி எத்தனை லிட்டர் என்று தெரியும், அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். அதே நேரம் அணை அளவுகோலில் எத்தனை அடி என்று எழுதுங்கள். மழை பெய்ததா என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் கரை மேல் பெய்த மழைத் தண்ணீரைக் கசிவு என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்து, காலையில் அடியில் வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள். அணையில் தண்ணீர் ஏறும்போது கசிவும் ஏறினால் அது இயல்பு. அணை மட்டம் அப்படியே இருக்கும்போது கசிவு மட்டும் கூடினால், அல்லது திடீரென்று நின்றாலும்கூட, யோசிக்க வேண்டும். நின்றுவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளேயே உயர்ந்துகொண்டிருக்கலாம்.

கசிவு மடைக்குப் பக்கத்தில் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. கரைக்குக் குறுக்கே போகிற மடைக்குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டி மண் எப்போதுமே சரியாக இறுகியிருக்காது. கட்டுகிறபோது ரோலர் அங்கே போகாது, கையால் திமிசு போட்டு இடித்ததுதான். தண்ணீர் வழி தேடினால் முதலில் அந்தப் பக்கந்தான் தேடும். புனேவுக்கு மேலே பான்ஷெட் மண் அணை 1961 ஜூலை 12-ல் உடைந்து நகரத்தையே அடித்துக்கொண்டு போனதே, அங்கேயும் கரைக்கு அடியில் போன அந்தக் குழாய்ப் பகுதியில்தான் கோளாறு தொடங்கியது. மடை நேராகக் கரையின் மேல்பக்கம் எங்காவது பள்ளம் விழுந்திருக்கிறதா, கிண்ணம் மாதிரி அமுங்கியிருக்கிறதா, நாளைக்கே போய்ப் பாருங்கள்.

மரத்துக்கு வருகிறேன். உடைமரம் சின்னதாக இருக்கிறவரை அடியோடு வெட்டலாம். அந்தப் பெரிய வேம்பை மட்டும் ஆர்வத்தில் ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். வேரோடு வந்தால் கரையில் ஒரு அறை அளவுக்குப் பள்ளம் விழும். வெட்டி அடியை விட்டாலோ ஐந்தாறு வருடத்தில் வேர் மக்கி, அந்த வேர் போன வழியெல்லாம் ஓட்டையாகிவிடும். அணையில் தண்ணீர் அடியில் கிடக்கிற கோடையில் எடுத்து, வேரைத் தோண்டி, நல்ல மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்து மூட வேண்டும். எலி வளை, நண்டு வளை, முள்ளம்பன்றி வளை எல்லாம் மரம் மறைப்பதால்தான் கண்ணில் படாமல் போகிறது, அதற்காகவாவது சரிவைச் சுத்தமாக வையுங்கள்.

மணல் மூட்டை பற்றி நாளை எழுதுகிறேன், அது தனியாகச் சண்டை போட வேண்டிய விஷயம்.

நெல்லைக்காரன்:

எனக்கென்னவோ கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது, ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரன் கட்டியது, மற்ற ஏழும் அதற்கும் முந்தியவை. மருதூர் அணை மேல் எத்தனை வெள்ளம் ஏறி இறங்கியிருக்கிறது, நிற்கிறதே. ஐம்பது வருட அணைக்கு என்ன ஆகிவிடும்? நம் பகுதி அணைகள் எல்லாம் நல்ல கட்டுமானம்.

ஓய்வு ஓவர்சியர்:

நெல்லைக்காரன் தம்பி, இந்தக் கேள்வி ஊர் ஊராக வரும், கேட்டது நல்லதாகப் போயிற்று. மருதூர் ஆற்றுக்குக் குறுக்கே கல்லால் கட்டியது. வெள்ளம் அதன் மேலேறிப் போக வேண்டும் என்றுதான் கட்டினார்கள், போனால் அதற்கு ஒன்றும் ஆகாது. பாபநாசம் மேல் அணையும் கல் கட்டுமானந்தான். இவர் சொல்வது மண் கரை. மண் கரைக்கு மேல் தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு ஏறி வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவை அரித்து, பிளந்து, முடித்துவிடும். உலகம் முழுக்க மண் அணைகள் உடைந்ததற்குப் பெரிய காரணங்கள் இரண்டு, ஒன்று கரை மேல் வழிவது, இன்னொன்று உள்ளே அரிப்பது. தம்பி ஊரில் இப்போது இரண்டுக்கும் வழி திறந்திருக்கிறது.

மேல் வழிவதற்கு வழி எது என்றால் அந்த மணல் மூட்டைதான். மறுகால் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே விட்டிருக்கிற உயரம் சும்மா கிடக்கிற இடமில்லை. வெள்ளம் மறுகாலில் பாய்கிறபோது அணை மட்டம் இன்னும் ஏறும், காற்றடித்தால் அலை ஏறும், கரை வருடா வருடம் கொஞ்சம் அமுங்கும், அதற்கெல்லாம் சேர்த்து விட்டது. ஒரு அடி மூட்டையை அடுக்கினால் அந்த ஒரு அடியும் போயிற்று. மறுகாலில் மண் மேடிட்டு முள்ளும் மண்டிக் கிடந்தால் பாய வேண்டிய அளவு பாயாது, அது இன்னொரு அடி.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இந்திய தர நிர்ணயத்தில் 11223 என்று ஒன்று இருக்கிறது, 1985-ல் வந்தது. சிறிய அணை என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருகிற வெள்ளத்தைக் கடத்தினால் போதும் என்கிறது. நூறு வருடம் என்றதும் நம் காலத்தில் வராது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் பொருள் ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. ஐம்பது வருடத்தில் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 40 சதவீதம் வரும். அதுவும் பழைய மழைக் கணக்கை வைத்து. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்படி ஒரு மழையை அணை கட்டுகிறபோது யார் நினைத்திருப்பார்கள்? அந்த மழை கடலோரத்தில் கொட்டியது, அந்த அளவு உங்கள் மலையில் கொட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூட்டையை எடுத்துவிடுங்கள் தம்பி. அடுக்கிய கையே எடுத்தால் ஊரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைமடை விவசாயி:

பிசானம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், எங்களுடையது அணை இல்லை, பெரிய குளம், ஆனால் கதை இதே கதைதான். 1992 நவம்பர் வெள்ளத்தில் நான் கல்லூரி படிக்கிற பையன். ராத்திரி அரிக்கேன் விளக்கோடு கரையில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். கரை மேல் படுத்துக் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது என்று வயல்களுக்குத் தண்ணீர் பிரித்து விடுகிற எங்கள் நீர்க்கட்டித் தாத்தா சொன்னார், யாரும் நம்பவில்லை. விடிகிறதுக்குள் மடையை ஒட்டி உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வயலில் மணல் ஏறியது, இடுப்பளவு. அதை அள்ளி முடிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று. பிசானம் போகும் என்று பயப்படுகிறார்களே, உடைந்தால் நான்கு பூ, அதாவது நான்கு போக நெல், போகும். உங்கள் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு உயிரைவிட வயல் கணக்குச் சீக்கிரம் புரியும் என்று நான் சொல்லவில்லை, வயல் கணக்கைச் சொல்லித்தான் அவர்கள் தடுக்கிறார்கள், அதே கணக்கில் பதில் சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள்.

அப்புறம், மட்டத்தைக் குறைத்தால் பிசானமே இல்லை என்பது சரியில்லை. எங்கள் குளத்தில் சில வருடத்துக்கு முன்னால் கரை வேலை முடிகிறவரை மூன்று அடி குறைத்துத்தான் தேக்கினோம். கடைமடையில் எனக்குத்தான் அடி விழும் என்று நானே சண்டைக்குப் போனேன். பிறகு சங்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரை முறை வைத்துக்கொண்டோம், மேல்மடைக்காரர்கள் நான்கு நாள், கீழ்மடை மூன்று நாள் என்று. நீளமான ரகத்தை விட்டுவிட்டுக் குறுகிய நாள் நெல்லுக்கு மாறினோம். விளைச்சல் குறைந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் எல்லோர் வீட்டிலும் நெல் வந்தது. அடுத்த வருடம் முழுசாகத் தேக்கினோம். ஆயக்கட்டுக்காரர்கள் எழுதிக் கேட்டால் இதை ஒத்துக்கொள்ள வைக்கலாம், ஒரு ஆள் தனியாக மனு கொடுத்தால்தான் அவன் ஊருக்கு எதிரி ஆகிவிடுகிறான். பத்துப் பேர் கையெழுத்தாவது வாங்குங்கள் தம்பி.

ஒரு எச்சரிக்கை. மட்டத்தைக் குறைக்கிறோம் என்று ஷட்டரை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. உள்சரிவு தண்ணீரில் ஊறிக் கனத்திருக்கும், தண்ணீர் சட்டென்று இறங்கினால் தாங்கல் போய்ச் சரிந்துவிடும். உங்கள் அணையில் கல் வேறு பெயர்ந்து கிடக்கிறது. ஓவர்சியர் ஐயா சரியா என்று சொல்லட்டும்.

ஓய்வு ஓவர்சியர்:

நூற்றுக்கு நூறு சரி அண்ணாச்சி. மெல்ல, நாளுக்கு இவ்வளவு என்று பொறியாளர் சொல்லித்தான் இறக்க வேண்டும். ஷட்டர் பாதிக்கு மேல் திரும்பாது என்றாரே, அதையும் இப்போதே எண்ணெய் போட்டு, திருகைப் பார்த்து, கடைசிவரை ஏற்றி இறக்கிப் பழக்க வேண்டும். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் நடு ஷட்டரின் சங்கிலி அறுந்து பல நாள் தண்ணீர் வீணாகப் போனது, 2024 ஆகஸ்டில் துங்கபத்ராவில் 19-ஆம் ஷட்டர் சங்கிலி அறுந்தது. அவ்வளவு பெரிய அணைகளிலேயே இரும்புக்கு வயதாகிறது.

ஆற்றங்கரை அக்கா:

நான் பொறியாளரும் இல்லை, விவசாயியும் இல்லை. ஏரல் பக்கம் வீடு, 2023 டிசம்பரில் மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்தோம், கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் மாமியாரின் மாத்திரையும். அதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொல்கிறேன். தண்ணீர் வருகிறது என்ற செய்தி எங்கள் தெருவுக்கு வந்தபோது தண்ணீரும் வந்துவிட்டது. கரண்ட் போனது, டவர் போனது, யார் யாரைக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

தம்பி, உங்கள் ஊர் அணைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஏதாவது ஆனால் கால் மணி நேரங்கூட கிடைக்காது. அதனால் கரை வேலை நடக்கிறதோ இல்லையோ, இதை மட்டும் இந்த மாதமே முடிவு செய்யுங்கள். மழை ராத்திரியில் கரைக்கு யார் போவது, இரண்டு பேராகப் போக வேண்டும், டார்ச்சும் போனும் யாரிடம். அவர்கள் போன் பண்ணினால் கோயில் மைக்கையோ பள்ளிவாசல் மைக்கையோ சர்ச் மணியையோ யார் தொடுவது. மைக்குக்குப் பேட்டரி இருக்கிறதா, கரண்ட் இருக்காது அப்போது. எந்த மேட்டுக்கு ஏறுவது, நடக்க முடியாத பாட்டிமார் எந்த வீட்டில், ஆட்டோ யாரிடம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கரியால் எழுதி வையுங்கள். போனில் சேமித்து வைத்தால் போன் நனைந்துவிடும், எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

காலனியை முதலில் சேருங்கள். எப்போதும் பள்ளத்தில் இருப்பது அவர்கள் வீடு, கடைசியில் தகவல் போவதும் அவர்களுக்கு. குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

சட்டம் படித்தவள்:

யாரிடம் எப்படிக் கேட்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

2021 டிசம்பர் 30 முதல் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணை எல்லாம் அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் சில நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும், கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது அதில் ஒன்று, கொள்ளளவு பத்து லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது இன்னொன்று. பத்து லட்சம் கன மீட்டர் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 35 மில்லியன் கன அடி. உங்கள் கரை முக்கால் கிலோமீட்டர். உயரம் நாற்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 12 மீட்டர் பக்கம். அதனால் சட்டத்துக்குள் வரும் என்றுதான் எனக்குப் படுகிறது. இதில் பலரும் தவறுவது உயரத்தில். பேப்பரில் தினமும் போடுகிற அணை நீர்மட்டத்தை உயரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் சொல்வது அஸ்திவாரத்தின் அடியிலிருந்து கரை உச்சி வரை. நீர்மட்டம் 30 அடி என்று போடுகிற அணைகூட அப்படி அளந்தால் 10 மீட்டரைத் தாண்டலாம்.

சட்டத்துக்குள் வந்தால் பருவமழைக்கு முன்பு ஒரு ஆய்வு, பின்பு ஒரு ஆய்வு ஒவ்வொரு வருடமும் கட்டாயம். வெள்ளம் வந்தாலோ கரையில் கோளாறு தெரிந்தாலோ அப்போதும் ஆய்வு செய்ய வேண்டும். அவசரகாலச் செயல்திட்டம் ஒன்றும் தயாரிக்க வேண்டும், அதற்குச் சட்டம் தொடங்கியதிலிருந்து ஐந்து வருடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் மனுவில் "நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதாமல் இப்படிக் கேளுங்கள்: இந்த வருடம் மழைக்கு முந்தைய ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது, அந்த அறிக்கையின் நகல் வேண்டும், கசிவு அளவுப் பதிவேட்டின் கடைசி மூன்று வருட நகல் வேண்டும், அவசரகாலச் செயல்திட்டம் இருக்கிறதா, இருந்தால் அதன் நகல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம் என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது, அதைக் குறிப்பிட்டு, அந்த மணல் வட்டத்தின் போட்டோவையும் இணையுங்கள்.

அக்டோபர் 2-ல் கிராம சபை வருகிறது. அதில் தீர்மானம் போட்டு, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் கையில் நேராகக் கொடுங்கள். தனி மனுவுக்கும் கிராம சபைத் தீர்மானத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்து திவாரே அணை 2019 ஜூலை 2 ராத்திரி உடைந்தது, அதுவும் சின்ன மண் அணைதான். கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். இதை மனுவின் முதல் வரியில் எழுதுங்கள்.

மலையடிவாரம்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பத்து நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஓவர்சியர் ஐயா எழுதியதை லஸ்கர் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். மணல் வட்டம் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது, அது கோரைக்குள் மறைந்திருந்ததால் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாட்டில் சோதனை மூன்று ராத்திரி செய்தோம், மூன்று நாளும் அடியில் ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவாகப் பொடி மணல். வடிகால் பக்கம் பிடித்த தண்ணீரில் ஒன்றும் இல்லை, தெளிவு. அந்த இரண்டு பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு பதினாலு பேராக அலுவலகத்துக்குப் போனோம். பாட்டிலை மேஜை மேல் வைத்தோம். வேறு எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பொறியாளர் நேரில் வந்தார், இளம் வயதுதான், முழங்கால் சேற்றில் இறங்கிப் பார்த்தார். மணல், ஜல்லி, கல் என்று ஐயா சொன்ன அதே வரிசையில் போட்டார்கள், சுற்றி மூட்டை அடுக்கினார்கள். இப்போது தண்ணீர் வருகிறது, மணல் வரவில்லை. இது தற்காலிகந்தான், மடையை ஒட்டிக் கோடையில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மடைக்கு நேர் மேலே கரையில் ஒரு இடம் அமுங்கியிருப்பதும் தெரிந்தது, தண்ணீர்த் தொட்டி மூடி அளவுக்கு. அதைச் சுற்றிக் குச்சி நட்டு அளந்து வைத்திருக்கிறோம்.

மறுகால் மூட்டையை எடுப்பதில்தான் சண்டை. கடைமடை அண்ணாச்சி சொன்ன மணல் ஏறிய வயல் கதையை டீக்கடையில் அப்படியே சொன்னேன். எங்கள் பெரியப்பாதான் ஊரில் அதிகமாகக் கோபப்பட்டவர், அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 92-ல் இங்கேயும் மறுகால் வாய்க்கால் உடைத்து அவருடைய வாழைத் தோட்டம் போனதைச் சொன்னார். எனக்கு இதுவரை தெரியாது. சனிக்கிழமை மூட்டையை எடுத்தோம், அவரும் வந்தார். உடங்காட்டை வெட்ட இன்னும் மூன்று நாள் ஆகும்.

மட்டத்தை இரண்டு அடி குறைத்து வைப்பது என்று பேச்சு. முறைத் தண்ணீர் பற்றிச் சங்கத்தில் இன்னும் முடிவாகவில்லை, அண்ணாச்சி, நாள் கணக்கை எப்படிப் பிரித்தீர்கள் என்று விவரமாக எழுதினால் அப்படியே கொண்டு போய்ப் படிப்பேன்.

அக்கா, 1077 எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதியாயிற்று. காலனியிலிருந்துதான் தொடங்கினோம்.

நேற்றுக் காலை அளவு: அணை இருபத்தோரு அடி, பதினைந்து லிட்டர் வாளி நிறைய 52 விநாடி, மழை இல்லை. நாளை காலையும் போடுகிறேன்.

ஓய்வு ஓவர்சியர்:

போடுங்கள் தம்பி. அணை இருபத்தைந்து அடியைத் தொட்டால் காலை மட்டும் போதாது, சாயங்காலமும் ஒரு முறை எடுங்கள். அந்தக் குச்சி அளவையும் கூடவே எழுதுங்கள்.